சீரீஸா, பேரலலா? கரண்ட் போகும் வழியைப் பின்தொடர்ந்து மின்சுற்றைப் புரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

மின்சுற்று படிக்கத் தொடங்குகிற எல்லோருக்கும் முதலில் இரண்டு படங்களைத்தான் காட்டுவார்கள். ஒன்றில் ரெசிஸ்டர்கள் (கரண்டுக்குத் தடை கொடுக்கும் சிறு பாகங்கள், அந்தத் தடையின் அலகு ஓம்) ஒரே கோட்டில் வரிசையாக நிற்கும். அது தொடர் இணைப்பு, அதாவது சீரீஸ். இன்னொன்றில் ஏணிப்படி மாதிரி ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கும். அது பக்க இணைப்பு, அதாவது பேரலல். படங்களில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் அவற்றை வெறும் வடிவமாக மனதில் பதித்துக்கொண்டவர்கள், அதே சுற்றைக் கொஞ்சம் சாய்த்தோ வளைத்தோ வரைந்து கொடுத்தால் திணறிப் போகிறார்கள். பிரெட்போர்டில், அதாவது பாகங்களைச் செருகிச் சுற்று கட்டும் துளைப் பலகையில், வயர்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும்போது கேட்கவே வேண்டாம்.

அதனால் வடிவத்தைப் பார்க்காதீர்கள். கரண்ட் போகும் வழியைப் பாருங்கள். ஒரு ரெசிஸ்டரை விட்டு வெளியே வரும் கரண்டுக்கு, அடுத்த ரெசிஸ்டருக்குள் போவதைத் தவிர வேறு வழியே இல்லை என்றால் அந்த இரண்டும் சீரீஸ். இரண்டு ரெசிஸ்டர்களின் ஒரு பக்க முனைகள் வெறும் வயரால் சேர்ந்திருந்து, மறுபக்க முனைகளும் அப்படியே வெறும் வயரால் சேர்ந்திருந்தால் அவை பேரலல். இரண்டிலும் சேராத ஜோடிகளும் உண்டு. எல்லா ரெசிஸ்டர்களும் இந்த இரண்டில் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும் என்று நினைப்பதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

இதைப் படித்து மட்டும் பிடிக்க முடியாது. கையால் செய்து, மீட்டரில் எண்ணைப் பார்த்தால்தான் மனதில் நிற்கும்.

வேண்டிய பொருள்கள்

ஒரு பிரெட்போர்டு, நான்கு ஏஏ செல் போடும் ஹோல்டர், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஆறு (கால் வாட் போதும்), 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, சிவப்பு எல்.இ.டி. இரண்டு, கொஞ்சம் ஜம்பர் வயர், ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். 1 கிலோ ஓம் ரெசிஸ்டரில் பழுப்பு, கருப்பு, சிவப்பு, தங்கம் என்று நான்கு பட்டைகள் இருக்கும். தங்கப் பட்டைக்கு 5 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம் என்று பொருள். ஆகவே 950 முதல் 1050 ஓம் வரை எது காட்டினாலும் அது நல்ல ரெசிஸ்டர்தான்.

இந்தக் கட்டுரையில் உள்ள எதையும் வீட்டு மின்சாரத்தில் செய்துபார்க்காதீர்கள். செல்லில் செய்த தவறுக்கு ஒரு ரெசிஸ்டர் சுடும், அவ்வளவுதான். பிளக் பாயிண்டில் செய்த தவறு உயிரை எடுக்கும்.

முதலில் பிரெட்போர்டு

பிரெட்போர்டின் நடுப்பகுதியில் ஐந்து ஐந்து துளைகளாக வரிசைகள் இருக்கும். ஒரு வரிசையின் ஐந்து துளைகளும் உள்ளே ஒரே உலோகத் தகட்டால் சேர்ந்தவை. அதாவது, அந்த ஐந்து துளைகளும் மின்சுற்றின் பார்வையில் ஒரே புள்ளி. நடுவே ஓடும் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருப்பது வேறு புள்ளி. ஓரங்களில் நீளமாகப் போகும் வரிசைகள் பேட்டரியின் பிளஸ், மைனஸ் இணைப்புக்கானவை. சில போர்டுகளில் அந்த நீள வரிசை பாதியில் துண்டாகியிருக்கும். சுற்று வேலை செய்யவில்லை என்றால் அதையும் ஒருமுறை சோதியுங்கள்.

ஒரு ரெசிஸ்டரின் இரு கால்களையும் ஒரே ஐந்து துளை வரிசையில் செருகினால் என்ன ஆகும்? இரண்டு முனைகளும் ஒரே புள்ளியாகிவிடும். ரெசிஸ்டர் கண்ணுக்குத் தெரியும், ஆனால் சுற்றில் இல்லை. கரண்ட் தகடு வழியாகவே போய்விடும். புதிதாகச் செய்பவர்களின் போர்டுகளில் அடிக்கடி பார்க்கக்கூடிய பிழை இது.

‘புள்ளி’ என்ற இந்த எண்ணத்தை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். வயர் எவ்வளவு நீளமாக இருந்தாலும், எத்தனை முறை வளைந்தாலும், நடுவில் வேறு பொருள் வராதவரை அது ஒரே புள்ளிதான்.

சீரீஸ் சுற்று

பேட்டரியின் பிளஸிலிருந்து ஒரு ரெசிஸ்டர், அதன் மறுமுனை இருக்கும் வரிசையிலேயே அடுத்த ரெசிஸ்டரின் ஒரு கால், அதன் மறுகால் பேட்டரியின் மைனஸுக்கு. இப்போது இரண்டு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் சீரீஸில் உள்ளன. மொத்தத் தடை 2 கிலோ ஓம். சீரீஸில் தடைகளை அப்படியே கூட்டினால் போதும்.

நான்கு செல்களுக்கு 6 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். புதிய அல்கலைன் செல்லில் 1.5 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் 1.6 வரை காட்டும். அதனால் மீட்டரில் 6.4 வந்தால் பயப்பட வேண்டாம். கணக்கில் அந்த எண்ணையே போட்டுக்கொள்ளுங்கள். கரண்ட் எவ்வளவு? வோல்டேஜைத் தடையால் வகுக்க வேண்டும். ஜார்ஜ் சைமன் ஓம் 1827இல் வெளியிட்ட விதி இதுதான். வோல்ட்டைக் கிலோ ஓமால் வகுத்தால் விடை நேராக மில்லி ஆம்பியரில் வந்துவிடும். 6 வகுத்தல் 2, ஆகவே 3 மில்லி ஆம்பியர். அந்த 3 மில்லி ஆம்பியர் முதல் ரெசிஸ்டரிலும் ஓடுகிறது, இரண்டாவதிலும் அதேதான். முதல் ரெசிஸ்டர் கொஞ்சம் கரண்டைச் செலவழித்துவிட்டு மீதியை அடுத்ததுக்கு அனுப்புகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கரண்ட் செலவாவதில்லை. பங்குபோவது வோல்டேஜ்.

ஒவ்வொரு ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்தால் 3 வோல்ட், 3 வோல்ட் என்று வரும். கூட்டினால் 6. இன்னொரு 1 கிலோ ஓமைச் சேர்த்து மூன்றாக்கினால் கரண்ட் 2 மில்லி ஆம்பியராகக் குறையும். ஒவ்வொன்றிலும் 2 வோல்ட். தடைகள் சமமாக இல்லாவிட்டால் பெரிய தடைக்குப் பெரிய பங்கு கிடைக்கும்.

மீட்டரை எங்கே வைப்பது

மல்டிமீட்டரைச் சரியாக வைக்கத் தெரிந்தவருக்கு சீரீஸும் பேரலலும் பாதி புரிந்த மாதிரி. ஏனென்றால் வோல்டேஜை அளக்கும்போது மீட்டர் பேரலலில் நிற்கிறது, கரண்டை அளக்கும்போது சீரீஸில் நிற்கிறது.

வோல்டேஜுக்குச் சுற்றை எங்கும் பிரிக்க வேண்டாம். மீட்டரின் இரு முனைகளையும் ரெசிஸ்டரின் இரு கால்களில் வைத்தால் போதும். பெரும்பாலான டிஜிட்டல் மீட்டர்களின் உள்தடை 10 மெகா ஓம். 1 கிலோ ஓமுக்குப் பக்கத்தில் 10 மெகா ஓமை வைத்தால், அதன் வழியே போகும் கரண்ட் கணக்கில் சேர்க்க வேண்டாத அளவுக்குச் சிறியது. ஆனால் இதே சுற்றை இரண்டு 1 மெகா ஓம் ரெசிஸ்டர்களால் கட்டி அளந்தால், 3 வோல்ட் வர வேண்டிய இடத்தில் சுமார் 2.86 தான் காட்டும். மீட்டர் பழுதில்லை. அதுவும் ஒரு பேரலல் பாதையாகி, அந்த இடத்தின் தடையைக் குறைத்துவிட்டது. அளப்பதும் சுற்றை மாற்றும் ஒரு செயல்தான் என்பதை இந்த ஒரு சோதனை நன்றாகக் காட்டும்.

கரண்டுக்குச் சுற்றை ஓரிடத்தில் பிரித்து, பிரித்த இரு முனைகளுக்கு நடுவே மீட்டரை நுழைக்க வேண்டும். கரண்ட் மீட்டருக்குள் புகுந்து வெளியே வர வேண்டும். இந்த நிலையில் மீட்டரின் உள்தடை மிகக் குறைவு. அப்படியே அதைப் பேட்டரியின் இரு முனைகளில் வைத்துவிட்டால் அது வெறும் வயர் போல ஆகி, ஷார்ட் சர்க்யூட்டாகி, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். கரண்ட் அளந்து முடித்த கையோடு சிவப்பு வயரை வோல்ட் துளைக்கு மாற்றும் பழக்கத்தை முதல் நாளிலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

தடையை அளக்கும்போது பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். ரெசிஸ்டரின் ஒரு காலையும் போர்டிலிருந்து உருவிவிட வேண்டும். உருவாமல் அளந்தால் அதற்குப் பேரலலாக இருக்கும் மற்ற பாதைகளும் சேர்ந்துகொண்டு, உண்மையைவிடக் குறைந்த எண்ணைக் காட்டும்.

பேரலல் சுற்று

இப்போது இரண்டு ரெசிஸ்டர்களின் ஒரு பக்கக் கால்களைப் பிளஸ் வரிசையிலும், மறுபக்கக் கால்களை மைனஸ் வரிசையிலும் செருகுங்கள். இரண்டுக்கும் கிடைப்பது முழு 6 வோல்ட். ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய 6 மில்லி ஆம்பியரை இழுக்கிறது. பேட்டரி கொடுப்பது மொத்தம் 12.

தடையைக் கூட்டியிருக்கிறோம், ஆனால் மொத்தத் தடை குறைந்துவிட்டது. இது எல்லோருக்கும் முதலில் நெருடும். பேட்டரியின் இடத்திலிருந்து பாருங்கள். அதற்கு உள்ளே எத்தனை ரெசிஸ்டர் இருக்கிறது என்று தெரியாது. 6 வோல்ட் கொடுத்தால் 12 மில்லி ஆம்பியர் போகிறது என்பது மட்டும்தான் தெரியும். அப்படியானால் அதற்கு எதிரே இருப்பது 500 ஓம். புதிதாக ஒரு பாதை திறந்தால் ஏற்கெனவே இருக்கும் பாதைகளின் கரண்ட் குறைவதில்லை, புதுக் கரண்ட் மேலே சேர்கிறது. வோல்டேஜ் மாறவில்லை, கரண்ட் கூடிவிட்டது, ஆகவே மொத்தத் தடை குறைந்தே தீரும்.

இரண்டு தடைகளுக்கு மொத்தம் கண்டுபிடிக்க, இரண்டையும் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் போதும். மூன்று, நான்கு என்றால் ஒவ்வொன்றின் தலைகீழியையும் கூட்டி, வந்த விடையை மீண்டும் தலைகீழாக்க வேண்டும். சூத்திரம் எதுவானாலும் விடையை ஒருமுறை சரிபாருங்கள்: பேரலலில் மொத்தத் தடை, இருப்பதிலேயே சிறிய ரெசிஸ்டரைவிடவும் சிறியதாக இருக்க வேண்டும், சீரீஸில், இருப்பதிலேயே பெரியதைவிடவும் பெரியதாக இருக்க வேண்டும். இந்தச் சோதனையில் தேறாத விடையை அங்கேயே அடித்துவிடலாம்.

ஒரு வீட்டில் விளக்கு, விசிறி, ஃபிரிட்ஜ் எல்லாம் பேரலலில்தான் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே வோல்டேஜ் கிடைக்க வேண்டும், ஒன்றை அணைத்தால் மற்றது அணையக் கூடாது. ஆனால் ஒவ்வொரு சுவிட்சும் அதன் விளக்கோடு சீரீஸில் இருக்கிறது. ஃபியூஸ் எல்லாவற்றுக்கும் பொதுவான பாதையில் சீரீஸில் இருக்கிறது. பேரலலில் சாதனங்கள் சேரச் சேர மொத்தக் கரண்ட் ஏறும், அந்த மொத்தமும் பொதுப் பாதையில்தான் ஓடும். காவல் அங்கேதான் வேண்டும்.

இரண்டும் கலந்து வந்தால்

மூன்று 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள். முதலாவது பிளஸிலிருந்து ஒரு வரிசைக்கு வருகிறது. அந்த வரிசையிலிருந்து மற்ற இரண்டும் தனித்தனியாக மைனஸுக்குப் போகின்றன. முதலாவதும் இரண்டாவதும் சீரீஸா? இல்லை. முதலாவதை விட்டு வெளியே வரும் கரண்டுக்கு மூன்றாவதின் வழியும் திறந்திருக்கிறது. இரண்டாவதும் மூன்றாவதும் பேரலல், ஏனென்றால் அவற்றின் இரு முனைகளும் ஒரே ஜோடிப் புள்ளிகளில் உள்ளன. அந்த ஜோடியை 500 ஓம் என்ற ஒரே ரெசிஸ்டராகச் சுருக்குங்கள். இப்போது முதலாவதும் இந்த 500 ஓமும் சீரீஸ். மொத்தம் 1.5 கிலோ ஓம், கரண்ட் 4 மில்லி ஆம்பியர். முதலாவதில் 4 வோல்ட், ஜோடியில் 2 வோல்ட், ஜோடியின் ஒவ்வொரு கிளையிலும் 2 மில்லி ஆம்பியர்.

சந்திப்பில் 4 வந்தது, 2 வீதம் இரண்டாகப் பிரிந்து போனது. சந்திப்புக்கு வரும் கரண்ட் முழுவதும் அதை விட்டுப் போயாக வேண்டும். சுற்றி வந்தால் 4 வோல்ட்டும் 2 வோல்ட்டும் சேர்ந்து பேட்டரியின் 6 வோல்ட்டுக்குச் சமம். கிர்ச்சாஃப் 1845இல் எழுதிய இரண்டு விதிகளும் இவைதான். பெரிய பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், நீங்கள் மீட்டரில் பார்த்தது அதைத்தான்.

காகிதத்தில் சிக்கலான படம் வந்தால் கலர் பென்சில் எடுங்கள். பேட்டரியின் பிளஸிலிருந்து தொடங்கி, ஒரு ரெசிஸ்டரை முட்டும்வரை எல்லா வயரையும் ஒரே நிறத்தில் தீட்டுங்கள். ரெசிஸ்டரைத் தாண்டியதும் வேறு நிறம். முழுப் படத்தையும் தீட்டி முடித்தால், இரு முனைகளிலும் ஒரே ஜோடி நிறம் உள்ளவை எல்லாம் பேரலல். ஒரு நிறத்தை இரண்டே இரண்டு ரெசிஸ்டர் கால்கள் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால், வேறு எதுவும் தொடாவிட்டால், அந்த இரண்டும் சீரீஸ். எவ்வளவு கோணலாக வரைந்திருந்தாலும் இந்த முறை கைவிடாது.

எங்கே அறுந்தது?

மூன்று ரெசிஸ்டர்களையும் மறுபடி சீரீஸில் வைத்து, இரண்டாவதின் ஒரு காலை மட்டும் உருவிப் பக்கத்து வரிசையில் செருகுங்கள். சுற்று அறுந்துவிட்டது. முதல் ரெசிஸ்டரில் மீட்டரை வையுங்கள்: பூஜ்யம். மூன்றாவதில்: பூஜ்யம். இரண்டாவதின் இரு கால்களில் வைத்தாலும் பூஜ்யம்தான். இப்போது உருவிய கால் முன்பு இருந்த வரிசைக்கும் அது இப்போது இருக்கும் வரிசைக்கும் நடுவே வையுங்கள். முழு 6 வோல்ட் காட்டும்!

வேலை செய்யாத இடத்தில் முழு வோல்டேஜ் இருப்பது விசித்திரமாகத் தோன்றலாம். கரண்ட் ஓடவில்லை, அதனால் நல்ல ரெசிஸ்டர்கள் எதிலும் வோல்டேஜ் விழவில்லை. பேட்டரியின் 6 வோல்ட்டும் எங்காவது தெரிந்தாக வேண்டும், அது அறுந்த இடைவெளியில் தெரிகிறது. சீரீஸ் சுற்றில் பழுது தேட இதைவிட வேகமான வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஒன்றுமே எரியாத ஒரு சரத்தில், எந்த இரண்டு முனைகளுக்கு நடுவே முழு வோல்டேஜ் நிற்கிறதோ அங்கேதான் வெட்டு. அறுவதற்குப் பதிலாக ஒரு ரெசிஸ்டர் ஷார்ட் ஆகியிருந்தால் அதில் பூஜ்யம் இருக்கும், மற்ற இரண்டில் 2 வோல்ட்டுக்குப் பதில் 3 ஏறியிருக்கும்.

பேரலலில் கதை வேறு. ஒரு கிளை அறுந்தால் மற்றவை வழக்கம்போல ஓடும், மொத்தக் கரண்ட் மட்டும் குறையும். ஒரு கிளை ஷார்ட் ஆனால் எல்லாமே படுத்துவிடும், பேட்டரியும் வயரும் சூடாகும். அதனால் பேரலல் சுற்றில் எதையாவது தொட்டுச் சூடாக உணர்ந்தால் யோசிக்காமல் பேட்டரியைக் கழற்றுங்கள்.

எல்.இ.டி.யும் செல்களும்

சிவப்பு எல்.இ.டி.யில் சுமார் 2 வோல்ட் விழும், வெள்ளை, நீலத்தில் சுமார் 3. நீளமான கால் பிளஸ் பக்கம். ஒரு சிவப்பு எல்.இ.டி.யை 330 ஓமோடு சீரீஸில் வைத்தால், மீதி 4 வோல்ட் ரெசிஸ்டரில் விழும், கரண்ட் ஏறத்தாழ 12 மில்லி ஆம்பியர். இரண்டு சிவப்பை அதே 330 ஓமோடு சீரீஸில் வைத்தால் ரெசிஸ்டருக்கு 2 வோல்ட்தான் மிஞ்சும், கரண்ட் 6 மில்லி ஆம்பியர். கொஞ்சம் மங்கலாக எரியும். இரண்டு வெள்ளையை அப்படி வைத்தால் ரெசிஸ்டருக்கு ஒன்றும் மிஞ்சாது, சரியாக எரியாது. ஒரே ரெசிஸ்டருக்குப் பின்னால் பல எல்.இ.டி.களைப் பேரலலில் கட்டாதீர்கள். குறைந்த வோல்டேஜில் எரிவது எதுவோ அதுவே பெரும்பங்கு கரண்டை இழுத்துக்கொள்ளும். சிவப்பையும் வெள்ளையையும் அப்படிக் கட்டினால் சிவப்பு மட்டும் எரியும். ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர் போடுவதே சரி.

செல்களை சீரீஸில் வைத்தால் வோல்டேஜ் கூடும். ஒரே மாதிரி செல்களைப் பேரலலில் வைத்தால் வோல்டேஜ் அப்படியே இருக்க, அதிக நேரம் உழைக்கும். பழையதையும் புதியதையும் ஒரே ஹோல்டரில் கலக்காதீர்கள். முதலில் தீர்ந்த செல்லின் வழியே மற்றவை கரண்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும், அது கசியத் தொடங்கும். லித்தியம் அயான் செல்களை, வெவ்வேறு சார்ஜ் நிலையில், பேரலலில் இணைக்கவே கூடாது. நிறைந்த செல்லிலிருந்து காலியான செல்லுக்குப் பெரிய கரண்ட் பாய்ந்து தீப்பற்றலாம்.

சேராத ஜோடி

கடைசியாக ஒரு சுற்று. இரண்டு ரெசிஸ்டர்களைச் சீரீஸாகப் பிளஸுக்கும் மைனஸுக்கும் நடுவே வையுங்கள். பக்கத்திலேயே அதே மாதிரி இன்னொரு ஜோடி. மொத்தத் தடை 1 கிலோ ஓம், நான்கு ரெசிஸ்டர் போட்டும் ஒன்றின் மதிப்புதான். இரண்டு ஜோடிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே மீட்டரை வையுங்கள். பூஜ்யம், அல்லது அதற்கு மிக அருகில். இரு பக்கமும் 3 வோல்ட்டில் இருப்பதால் வித்தியாசம் இல்லை. இப்போது ஒரு ஜோடியின் கீழ் ரெசிஸ்டருக்குப் பேரலலாக ஐந்தாவது ரெசிஸ்டரைச் செருகுங்கள். அந்தப் பக்கத்தின் நடுப்புள்ளி 2 வோல்ட்டுக்கு இறங்கும், மீட்டரில் 1 வோல்ட் வரும். எடை பார்க்கும் டிஜிட்டல் கருவிகளுக்குள் இருப்பது இதே சுற்றுதான். பாரத்தால் உலோகம் இம்மியளவு வளைய, அதில் ஒட்டிய தடை மாற, நடுப்புள்ளிகளுக்கு இடையே ஒரு சின்ன வோல்டேஜ் எழும். 1833இல் சாமுவேல் கிறிஸ்டி கண்டுபிடித்த இந்த அமைப்பை 1843இல் பரவலாக அறியச் செய்தவர் வீட்ஸ்டன். அதனால் ‘வீட்ஸ்டன் பிரிட்ஜ்’ என்று அவர் பெயரே நின்றுவிட்டது.

மீட்டரை எடுத்துவிட்டு, ஆறாவது ரெசிஸ்டரை அந்த இரண்டு நடுப்புள்ளிகளுக்கு நடுவே செருகுங்கள். அப்புறம் கலர் பென்சிலை எடுத்து, அதற்கு எது சீரீஸ், எது பேரலல் என்று தேடிப் பாருங்கள். ஒன்றும் கிடைக்காது. இந்த இடத்தில் சுருக்கும் முறை நின்றுவிடும். சந்திப்புக்கு ஒரு சமன்பாடு, சுற்றுக்கு ஒரு சமன்பாடு என்று கிர்ச்சாஃபின் விதிகளை எழுதித்தான் மேலே போக முடியும்.